நத்தாருக்குப் பயத்தம் பணியாரம் சுடுற விதம்

நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்மஸுக்கு, கேக் எல்லா வீட்டிலையும் தான் இருக்கு, ஆனா இரவிலை வாற கரோல் பார்ட்டிக்குக் குடுக்கவும் நடுச்சாமப் பூசை முடிய கோயில் முற்றத்திலை பகிரவும், வறுத்த பயத்தம்மா உருண்டையைக் கரைச்ச மாவிலை தோய்ச்சுப் பொரிக்கிற பயத்தம் பணியாரம் தான் சரி. முட்டை இல்லை பாருங்கோ. மார்கழியிலை பக்கத்து வீட்டுச் சைவ ஆக்கள் பிள்ளையார் கதை, திருவெம்பாவை எண்டு விரதம் பிடிக்கிற நேரம், கேக் அனுப்பினா பிள்ளையளுக்கு எண்டு ஒதுக்கி வைப்பினம், பணியாரம் எண்டா அவையளும் சாப்பிடலாம். அதாலை மீன் பொரிச்ச எண்ணெயிலை சுடுறேல்லை, புது எண்ணெய் தான்.

அரைக்கிலோ பாசிப்பயறு, கால்கிலோ பச்சையரிசி, அரைக்கிலோ சீனி, ஒரு தேங்காய், மிளகும் சீரகமும் ஒவ்வொரு தேக்கரண்டி, கொஞ்சம் ஏலம். வீட்டுக்கு இது காணும், கோயிலுக்கும் எண்டா அன்பியத்து (பங்கிலை அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்த செபக்குழு) ஆக்கள் சேர்ந்து ஆளுக்கு ஒரு வேலையா எடுக்கிறது நல்லது, உருட்டுறதுக்குத் தான் கன கை வேணும்.

எல்லாம் வறுவலிலை தான் கிடக்கு. பயறை மெல்லிய நெருப்பிலை வாசம் வரும் வரைக்கும் கிண்டி வறுங்கோ, அவசரப்பட்டா வெளியிலை கருகி உள்ளுக்குப் பச்சை மணக்கும். பிறகு உடைச்சு, சுளகிலை புடைச்சு கோதை எடுத்துப்போட்டு அரைச்சு அரிச்செடுங்கோ (சிலபேர் கோதோடையே அரைப்பினம், நிறம் கறுக்கும், எனக்குப் பிடிக்காது). அரிசியையும் வறுத்து மாவாக்குங்கோ. திருவின தேங்காய்ப்பூவை ஈரம் போய்ச் சிவக்கிற வரைக்கும் வறுக்கோணும், இதிலை கள்ளம் செய்தா நாலாம் நாளே பழுதாப் போடும், அதுவும் மார்கழி மழையிலை சொல்லத் தேவையில்லை. மிளகு சீரகத்தை வறுத்து இடிச்சுப் போடுங்கோ. மிளகைக் குறைக்காதேங்கோ, ஒவ்வொரு படலையா நிண்டு பாடிற பிள்ளையளின்ரை தொண்டைக்கு அது தான் மருந்து எண்டு அம்மம்மா சொல்லுவா.

சீனியை ஒரு கப் தண்ணியிலை காய்ச்சி, விரலிலை லேசா ஒட்டுற பதத்திலை இறக்கி, மா, தேங்காய்ப்பூ, தூள் எல்லாம் கலந்த தாச்சியிலை கொஞ்சம் கொஞ்சமா ஊத்திக் கிளறுங்கோ. பாகு முழுக்க ஒரேயடியா ஊத்தவேண்டாம், பிடிச்சா உருண்டையா நிக்கிற அளவு வந்தா காணும். கைச்சூடு தாங்கிற பதத்திலையே தேசிக்காய் (எலுமிச்சை) அளவுக்கு இறுக்கி உருட்டுங்கோ, ஆறினா உதிரும், அப்ப ரெண்டு கரண்டி சுடுதண்ணி தெளிச்சுப் பிசையலாம்.

மேல்மாவுக்கு கோதுமை மா கால்கிலோ, ஒரு பிடி அரிசி மா, உப்பு, மஞ்சள் ஒரு சிட்டிகை, தேங்காய்ப்பால் விட்டுத் தோசைமாப் பதத்துக்குக் கரையுங்கோ. தண்ணியாப் போனா எண்ணெயிலை உருண்டை வெடிச்சு எண்ணெய் முழுக்க பயறு தான். தோய்ச்சு, நடுத்தர நெருப்பிலை நாலைஞ்சா போட்டு, பொன்னிறம் வந்தவுடனை வடிச்செடுங்கோ, உள்ளுக்கு ஏற்கெனவே வறுத்தது தானே.

நல்லா ஆறினாப் பிறகு தான் டின்னிலை போடோணும், சூட்டோடை மூடினா வேர்த்து மேல்தோல் சவுத்துப் போகும். நத்தாரை ஒட்டிப் பள்ளிக்கூடங்களிலை, கோயில்களிலை வைக்கிற ஒளிவிழாவுக்கு எண்டா முதல் நாள் சுட்டாலே போதும். மேல்மா முடிஞ்சு உருண்டை மிஞ்சினா சுடாமலே வைச்சுச் சாப்பிடுங்கோ, அது பயத்தம் உருண்டை, எண்ணெய் ஆகாத வயசு போன ஆக்களுக்கு எண்டு நாங்கள் வேணுமெண்டே கொஞ்சம் ஒதுக்கிறது.