ஒரே கிணறு, இரண்டு பார்வைகள்: ஃபேன்டஸி சிறுகதையில் கோணம் மாற்றுவது எப்படி?

நான் எழுதிய முதல் ஃபேன்டஸி சிறுகதை 1500 சொற்கள் இருக்கும். அதற்குள் ஐந்து பேர் மனசுக்குள் புகுந்து வெளியே வந்திருந்தேன். படித்த நண்பர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "இது யாரோட கதை?" எனக்குப் பதில் தெரியவில்லை. கதையை யார் கண் வழியாகச் சொல்கிறோமோ அதுதான் கோணம். அந்தக் கேள்விக்கு விடை தேடி, கோணத்தை எங்கே, எப்படி மாற்றுவது என்று கற்றுக்கொண்டதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். ஒரு சின்னக் கதையைக் கையில் வைத்துக்கொண்டே போவோம்.

மழை பொய்த்த ஓர் ஊர். ஊருக்கு வெளியே ஒரு கிணறு, அதைக் காக்க ஒரு பூதம். தேனு என்ற சிறுமி நள்ளிரவில் தண்ணீர் எடுக்கப் போகிறாள்.

படி 1: யாருக்கு எது தெரியும்?

கதையைத் தொடங்கும் முன் ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடது பக்கம் தேனுவுக்குத் தெரிந்தது: கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, பூதம் யாரையும் எடுக்க விடுவதில்லை. வலது பக்கம் பூதத்துக்குத் தெரிந்தது: அடியில் ஒன்று உறங்குகிறது, தண்ணீரின் பாரம்தான் அதை அமுக்கி வைத்திருக்கிறது, தண்ணீர் குறைந்தால் அது விழித்துக்கொள்ளும்.

இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் கோணம் மாற்ற வேண்டிய தேவையே இல்லை. ஒருவர் கண்ணிலேயே கதையை முடித்துவிடலாம். இங்கே இடைவெளி பெரிது. தேனுவுக்குக் கஞ்சனாகத் தெரிகிற பூதம், உள்ளே போய்ப் பார்த்தால் ஊரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. இதை வாசகருக்குக் காட்டத்தான் கோணம் மாறுகிறது.

2000 சொல் கதைக்கு இரண்டு பேர் போதும். மூன்றாவது ஆள் வந்தால் மூவரிடமும் மனம் ஒட்டாமல் போகிறது.

படி 2: தன்மையா, படர்க்கையா?

இருவரையும் 'நான்' என்று பேசவிட்டால், இரண்டு குரலும் அடியோடு வேறாக இருந்தாலொழிய வாசகர் குழம்பிவிடுவார். தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது: இருவருக்குமே படர்க்கை, ஆனால் அவரவர் தோளுக்குப் பின்னால் நின்றபடி, அவரவர் பார்ப்பதையும் உணர்வதையும் மட்டும் சொல்லுங்கள். எல்லாம் அறிந்த கதைசொல்லியும் ஒரு வழிதான். அப்படியானால் அந்தக் குரல் முதல் வரியிலேயே கேட்டுவிட வேண்டும், நடுவில் திடீரென்று முளைக்கக் கூடாது.

நமக்கு இது புதிதும் அல்ல. சங்க அகப்பாடல்கள் தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று என்றுதான் நிற்கின்றன. பெரும்பாலும் ஒரு பாட்டுக்கு ஒரு குரல். புலவர் நடுவில் தலையிடுவதில்லை. உங்கள் கதையின் ஒவ்வொரு பகுதியையும் ஒரு கூற்றாக நினைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: எங்கே மாற்றுவது?

இப்போது பார்க்கிறவருக்கு இதற்கு மேல் தெரிய வழியில்லை என்கிற இடத்தில். தேனு வாளியை இறக்குகிறாள், கயிறு கனக்கிறது, கீழே யாரோ பிடித்திருக்கிறார்கள். அங்கே நிறுத்துங்கள். ஒரு வரி இடைவெளி, நடுவில் ஒரு நட்சத்திரக் குறி. அடுத்த பகுதி பூதத்தினுடையது.

நடந்ததையே மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டாம். இரண்டு பகுதிக்கும் கயிறு மட்டும் பொதுவாக இருந்தால் போதும். கதை அங்கிருந்து முன்னே நகரட்டும்.

படி 4: வினையும் பெயரும் பார்த்துக்கொள்ளும்

எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. இரண்டையும் படித்துப் பாருங்கள்.

தேனு: "கயிறு உள்ளங்கையை அறுத்தது. தேனு விடவில்லை. விளிம்பில் வைத்த விளக்கு படபடத்தது. கீழே கருப்பாக ஏதோ அசைந்து மேலே வந்தது. அதற்கு முகம் இருந்தது."

பூதம்: "காவலன் கயிற்றைப் பற்றி மேலே போனான். விளிம்பில் சின்னஞ்சிறு உயிர் ஒன்று நின்றது. அதன் பக்கத்தில் ஒரு துண்டு வெயில். இருட்டில் வெயிலை எங்கிருந்து பிடித்து வந்தது இது?"

'மேலே வந்தது' அடுத்த பகுதியில் 'மேலே போனான்' ஆகிறது. வா, போ என்ற இரண்டு வினைகளே நாம் எங்கே நிற்கிறோம் என்று சொல்லிவிடுகின்றன. தேனுவுக்குப் பூதம் 'அது'. பூதம் தன்னை அஃறிணையாக நினைக்காது, அதற்குத் தேனுதான் 'அது'. விளக்கு என்ற சொல்லே தெரியாததால் அது வெயிலாகிவிட்டது. 'பூதத்தின் பார்வையில்' என்று தலைப்புப் போட வேண்டிய அவசியமே இல்லை. மாயக்கதையில் அதிசயம் இரு பக்கமும் இருக்க வேண்டும்: அவளுக்குப் பூதம் அதிசயம், பூதத்துக்கு விளக்கு அதிசயம்.

படி 5: கசிவுகளை அடைத்துவிடுங்கள்

தேனுவின் பகுதியில் "அவள் முகம் வெளிறியது" என்று எழுதினால் அது கசிவு. தன் முகத்தை அவளால் எப்படிப் பார்க்க முடியும்? "முகம் சில்லிட்டது" என்றால் சரி. "பூதத்துக்குக் கோபம் வந்தது" என்பதும் அவளுக்குத் தெரியாது. சூடான மூச்சு நெற்றியில் மோதியது மட்டும்தான் தெரியும்.

ஃபேன்டஸியில் இன்னொரு கசிவு உண்டு. தனக்குக் காலங்காலமாகத் தெரிந்ததைப் பூதம் தனக்கே விளக்கிக்கொள்ளாது. "தண்ணீர் ஒரு முழம் இறங்கியிருந்தது. அடியில் கிடந்தது ஒருமுறை புரண்டு படுத்தது." இந்த இரண்டு வரி போதும், வாசகருக்கு வயிற்றைக் கலக்கும்.

படி 6: இரண்டு நிறப் பேனா

முதல் வரைவை அச்செடுத்து, தேனுவால் மட்டுமே அறிய முடிந்த வரிகளுக்கு ஒரு நிறத்திலும், பூதத்தால் மட்டுமே அறிய முடிந்தவற்றுக்கு இன்னொரு நிறத்திலும் கோடு போடுங்கள். ஒரே பகுதியில் இரண்டு நிறமும் கலந்திருந்தால் அங்கே ஒருவர் மனசிலிருந்து இன்னொருவர் மனசுக்குத் தாவியிருக்கிறீர்கள். பிறகு, பெயர்களை மறைத்துவிட்டு ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள். யார் பகுதி என்று அவர் சொல்லிவிட்டால் குரல் பிரிந்துவிட்டது.

கடைசியாக, பூதத்தின் பகுதி முழுக்கத் தேனு 'அது'வாகவே வரட்டும். வாளி பாதி நிறைந்ததும் அவளே கயிற்றை நிறுத்தி, "மீதி உனக்கு" என்று கிணற்றுக்குள் சொல்கிறாள். அதற்கடுத்த வரியை மட்டும் இப்படி எழுதிப் பாருங்கள்: "காவலன் கயிற்றை விட்டான். அவள் போகும் வரை பார்த்துக்கொண்டிருந்தான்."