செத்த கிருமியின் சொத்து

கேரளத்தில், எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மாட்டுக்கு மடிவீக்கம் வந்தால், டாக்டர் காம்புக்குள் ஆன்டிபயாடிக் ட்யூப் ஏற்றுவார். அவர் சொன்ன நாள்வரை அந்தப் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றக்கூடாது. சரி, ஊற்றுவதில்லை. கன்றுக்குக் காட்டிவிட்டு மீதியைச் சாணிக்குழியில் கொட்டுகிறோம். இப்படிச் செய்தால் மருந்தைத் தாங்கும் கிருமி பெருகும், கூடாது என்று பக்கத்துத் தோட்டத்து அண்ணனிடம் சொன்னேன். "கிருமிதான் செத்துப்போச்சுங்களே, அப்புறமென்ன?" என்றார்.

அந்த நினைப்புதான் முதல் தவறு. கிருமி செத்து உடைந்தாலும் அதன் டிஎன்ஏ, அதாவது மரபணுக்கள் அடங்கிய இழை, உடனே அழிவதில்லை. களிமண் துகளில் ஒட்டிக்கொண்டால், அதைச் சிதைக்கும் நொதிகளுக்கு லேசில் சிக்காது. உயிரோடிருக்கும் வேறொரு பாக்டீரியா அந்த இழையைப் பிடித்து உள்ளே இழுக்கும். பெரும்பாலும் அந்த இழையின் இரண்டு புரியில் ஒன்றுதான் உள்ளே போகும். தன் மரபணுவோடு அது ஒத்துப்போனால் கோத்துக்கொள்ளும். அதில் மருந்தைத் தாங்கும் மரபணு இருந்தால், அந்த மருந்தையே பார்த்திராத கிருமிக்கும் எதிர்ப்பு வந்துவிடும். நிமோனியாக் கிருமி பெனிசிலினைத் தாங்கப் பழகியதில் இந்த வழிக்குப் பெரிய பங்கு. காலராக் கிருமி இன்னும் ஒருபடி மேலே: இறால் ஓட்டில் ஒட்டியிருக்கும்போது பக்கத்துக் கிருமியைக் குத்திக் கொன்று அதன் டிஎன்ஏவை எடுத்துக்கொள்ளும். கொலையும் கொள்ளையும்!

கொதிக்கவைத்தால் தீர்ந்தது என்பது இன்னொரு நம்பிக்கை. 1928-இல் கிரிஃபித் என்ற ஆங்கிலேய ஆராய்ச்சியாளர், சூட்டில் கொன்ற கொடிய நிமோனியாக் கிருமியை, உயிருள்ள சாதுவான வகையோடு கலந்து எலிக்கு ஊசி போட்டார். எலி செத்தது, அதன் ரத்தத்தில் கொடிய வகை உயிரோடு இருந்தது. கைமாறியது டிஎன்ஏதான் என்று 1944-இல் அமெரிக்காவில் ஏவரி என்பவரின் ஆராய்ச்சிக் குழு காட்டியது. பாலைக் காய்ச்சத்தான் வேண்டும், கிருமி சாகும். ஆனால் டிஎன்ஏவுக்கு அந்தச் சூடு போதாது.

"எனக்கு மருந்து பழகிப்போச்சு" என்பதும் தப்பு. பழகுவது உடம்பல்ல, கிருமி. எல்லாக் கிருமியும் மண்ணில் கிடப்பதைப் பொறுக்குவதுமில்லை. பல கிருமிகள் உயிரோடு ஒட்டி நின்றே பிளாஸ்மிட் என்ற சிறு டிஎன்ஏ வளையத்தைக் கைமாற்றிக்கொள்ளும்.

மிச்ச மாத்திரையைச் சாக்கடையில் போடுவதும், சளிக்காய்ச்சலுக்கு டாக்டர் சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் வாங்குவதும் வேண்டாம். சீட்டில்லா விற்பனையைப் பிடிக்கக் கேரளம் 2024-இல் 'ஆபரேஷன் அம்ருத்' தொடங்கியபின் இங்கே கடைக்காரர் சீட்டு கேட்கிறார். உடனே பொள்ளாச்சிக்கு பஸ் ஏறுகிறவர்கள் உண்டு. சட்டம் அங்கேயும் இதேதான்.

அண்ணன் கன்றுக்கு அந்தப் பால் காட்டுவதை நிறுத்திவிட்டார். சாணியை மட்கவிடாமல் வயலுக்குத் தள்ளுவதை இன்னும் நிறுத்தவில்லை.