வீட்டில் வார்த்த கூட்டுடன் ஒரு ஸ்லாட் கார்: 1/32 அளவில் மினி கூப்பர்

தடத்தில் வெட்டிய காடிக்குள் வழிகாட்டி நாக்கை நுழைத்து, காடியின் இருபுறமும் பதித்த உலோகப் பட்டைகளிலிருந்து மின்சாரம் எடுத்து ஓடும் பொம்மைக் காரே ஸ்லாட் கார். 1957இல் ஸ்கேலெக்ஸ்ட்ரிக் என்ற பிரிட்டிஷ் ஸ்லாட் கார் வகை அறிமுகமானது முதலே ஆயத்த கார்களுக்குப் பஞ்சமில்லை. எனினும் கூட்டை, அதாவது காரின் மேலுடலை, நாமே வார்த்தால், அதன் கனத்தை நாமே தீர்மானிக்கலாம்.

1964 மான்டி கார்லோ ராலியில் பேடி ஹாப்கிர்க் ஓட்டி வென்ற மினி கூப்பர் எஸ் காரை எடுத்துக்கொள்வோம். அசல் காரின் நீளம் ஏறத்தாழ 3,054 மி.மீ., முன்பின் சக்கரங்களின் இடைவெளி 2,036 மி.மீ. இவற்றை 32ஆல் வகுத்தால் 95.4, 63.6 மி.மீ. வரும். முதலில் இரண்டாவது அளவுக்குச் சேசிஸை (சக்கரங்களையும் மோட்டாரையும் தாங்கும் அடிச்சட்டம்) பொருத்திவிட்டு, பிறகு கூட்டைத் தொடங்குங்கள்.

மென்மரத்தில் மூல உருவைச் செதுக்கி, உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் அடித்துக் காயவிடுங்கள். அதை அட்டைப்பெட்டியின் அடியில் ஒட்டி, சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் இடம் விட்டு, அச்சு உருவாக, கலந்த சிலிக்கோன் ரப்பரை ஒரு மூலையிலிருந்து நூல்போல ஊற்றுங்கள். மினியின் முன்பக்கப் பற்றவைப்பு விளிம்புகள் வெளியே துருத்திக்கொண்டிருப்பதால் காற்றுக் குமிழ்கள் அங்கேதான் ஒளிந்துகொள்ளும். எனவே ஊற்றுவதற்கு முன் அந்த விளிம்புகளில் சிலிக்கோனைத் தூரிகையால் தடவிவிடுவது நல்லது.

மறுநாள் மூல உருவை உருவி எடுத்து, கையுறை அணிந்து, காற்றோட்டமான இடத்தில் பாலியூரிதேன் ரெசினைப் புட்டியில் குறித்த விகிதத்தில் கலக்குங்கள். சில நிமிடங்களில் இறுகிவிடுமாதலால் ஒரு மூடியளவே கலந்து, அச்சின் உட்புறத்தில் மெல்லிய பூச்சுகளாகத் தடவி, கூரையைத் தாங்கும் தூண்களிலும் சக்கர வளைவுகளிலும் கண்ணாடியிழைத் துணியை ஒட்டுங்கள். 1.5 மி.மீ. கனம் போதும், கூரை அதைவிட மெலிதாக இருந்தால் இன்னும் நல்லது, ஏனெனில் மேலே எடை கூடினால் கார் வளைவில் கவிழும். ஒருமுறை மழைநாளில், திறந்து நெடுநாளான புட்டியிலிருந்து ஊற்றினேன். ஈரம் பட்ட ரெசின் ரொட்டி மாவைப்போலப் பொங்கிவிட்டது.

இறுகிய கூட்டில் ஜன்னல்களை வெட்டித் திறந்து, சோப்புநீரில் கழுவி, சிவப்பு வண்ணமும் கூரைக்கு வெள்ளையும் அடித்து, கதவில் 37 என்ற எண்ணை ஒட்டுங்கள். மோட்டாரின் பினியனுக்கு (சிறு பற்சக்கரம்) 9 பற்களும் பின் ஆக்சிலின் கிரவுன் சக்கரத்துக்கு (பெரிய பற்சக்கரம்) 27 பற்களும் தொடக்கக்காரருக்கு ஏற்ற இணை. அசல் மினி முன்சக்கரங்களால் இழுக்கப்படும் கார் என்று முறையிடுவோர் உண்டு. நாக்கு முன்னால் இருக்கும்போது பின்சக்கரம் தள்ளுவதே எளிது.

கடைசியாக, கூட்டைப் பிடிக்கும் திருகாணிகளை முழுவதும் இறுக்கியபின் அரைச்சுற்றுத் தளர்த்துங்கள். விரலால் அசைத்தால் கூடு லேசாக ஆட வேண்டும். சக்கரத்தில் மட்டும் உரசக் கூடாது.