கடலோர ஈரத்தில் தோல் சேணத்தைப் பேணும் முறை

புதுச்சேரி, கடலூர்ப் பகுதிகளில் குதிரையேற்றம் பழகுவோர், ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தோல் சேணத்தைப் பிளாஸ்டிக் உறையில் மூடி வைக்கக் கூடாது. உள்ளே தங்கும் ஈரத்தால் பூஞ்சை படர்ந்துவிடும். சவாரி முடிந்ததும், குதிரையின் வியர்வை படிந்த வயிற்றுவாரையும் அங்கவடி (சவாரி செய்பவர் கால் வைக்கும் வளையம்) வார்களையும், முக்கியமாகக் கொக்கி அழுந்தும் மடிப்புகளையும் தையல் ஓரங்களையும், நன்கு பிழிந்த ஈரத்துணியால் துடைத்து, சேணத்துக்கென விற்கும் சோப்பைப் பூசி, நிழலில் காற்றாட உலர்த்திய பிறகே தோல் எண்ணெயை மெல்லியதாகத் தடவ வேண்டும். அவசரப்பட்டு வெயிலில் காயவைத்தால் தோல் விறைத்து வெடிக்கும். பருத்தித் துணி உறையே போதும்.

சவாரி செய்பவரின் எடை குதிரையின் முதுகெலும்பில் நேராக விழாமல் இருபுறமும் பரவச் செய்வது சேணத்தினுள் இருக்கும் சட்டம் என்பதால், வாங்கும்போது, குறிப்பாகப் பழைய சேணமெனில், முன்மேட்டையும் பின்மேட்டையும் பிடித்து அழுத்திப் பார்த்து, நடுவில் மடங்கினால், சட்டம் உடைந்திருக்கும் என்பதால், விலை மலிவானாலும் வாங்காதீர்கள்.