கோயில் மண்டபத்தில் ஞாயிறு வகுப்பு: தொடங்குவதும் நடத்துவதும்

டெல்டாவில் கோயிலுக்குப் பஞ்சமில்லை. தேவாரப் பாடல் பெற்ற தலங்கள் காவிரி வடகரையில் 63, தென்கரையில் 127 என்று கணக்கு. 108 திவ்ய தேசங்களில் 40 சோழநாட்டைச் சேர்ந்தவை. பிள்ளைகளை உட்கார வைத்துப் பக்திப் பாட்டும் கதையும் சொல்லித்தர ஆள் கிடைப்பதுதான் அரிது. ஆள் கிடைத்து வகுப்பு தொடங்கினாலும் தை பிறப்பதற்குள் பாதிப் பேர் நின்றுவிடுவார்கள். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் திணிப்பது ஒரு காரணம். மண்டபத்தில் சொன்னது எதையும் வீட்டில் செய்யச் சொல்லாமல் விடுவது இன்னொரு காரணம். இதில் இரண்டாவதுதான் பெரிய தவறு.

இடமும் நேரமும்

கோயில் அறநிலையத்துறையின் கீழ் இருந்தால் செயல் அலுவலரிடம், பரம்பரை அறங்காவலர் இருந்தால் அவரிடம், எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்மொழி அனுமதி ஆள் மாறியதும் போய்விடும். குருக்களிடமோ பட்டரிடமோ தனியாகப் பேசுவது அதைவிட முக்கியம். காலசந்தி என்கிற காலைப் பூசை முடிந்து அபிஷேகம் எதுவும் இல்லாத நேரம் எது என்று அவருக்குத்தான் தெரியும். பெரும்பாலான ஊர்களுக்கு ஞாயிறு காலை 7.30 முதல் 8.30 வரை ஒத்துவரும். ஒன்பதரைக்கு மேல் டியூஷன் பிடித்துக்கொள்ளும்.

தொடங்க நல்ல நாள் விஜயதசமி. ஜூனில் பள்ளியோடு சேர்த்து ஆரம்பித்தால் அந்தச் சந்தடியில் கரைந்துவிடும். விஜயதசமியில் தொடங்கினால் மார்கழிக்கு ஏறக்குறைய இரண்டு, இரண்டரை மாதம் இருக்கும். அதற்குள் நாலைந்து பாட்டு வாயில் ஏறிவிடும், மார்கழி அதிகாலை பஜனையில் பிள்ளைகள் முன்வரிசையில் நிற்பார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு மூன்று வாரம் போகும் என்பதையும் இப்போதே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருவருக்குப் பதினைந்து பிள்ளைகள் போதும். அதற்கு மேல் வந்தால் பன்னிரண்டு வயதைத் தாண்டிய ஒருவரைச் சின்னவர்களுக்குத் துணை வாத்தியாராக்குங்கள். எந்தத் தெருப் பிள்ளை என்று யாரும் கேட்கக்கூடாது, தெருவாரியாகப் பிரித்து உட்கார வைக்கவும் கூடாது. இதில் ஒருமுறை சறுக்கினால் அந்தத் தெருவிலிருந்து மறுபடி யாரும் வரமாட்டார்கள், அது நியாயமும்தான்.

ஒரு மணி நேரத்தை இப்படிப் பிரிக்கலாம்: விளக்கேற்றி அமர ஐந்து நிமிடம், பழைய பாட்டுக்குப் பதினைந்து, புதிய பாட்டுக்குப் பத்து, கதைக்கும் கேள்விக்கும் இருபது, மீதி பிரசாதத்துக்கு. பழையதற்குப் புதியதைவிட அதிக நேரம் இருப்பதைக் கவனியுங்கள். இருபது பிள்ளைகளுக்கு அரைக் கிலோ கொண்டைக்கடலை சுண்டல் சரியாக இருக்கும். முதல் நாள் இரவே ஊறப்போட வேண்டும். பூவரச இலையில் வைத்துக் கொடுத்தால் பேப்பர் தட்டைப் பொறுக்கும் வேலை மிச்சம்.

எந்தப் பாட்டு, எப்படி

முதலில் உங்கள் ஊர்ப் பதிகம். ஊருக்குப் பதிகம் இல்லை என்றால் பக்கத்து ஊருக்கு நிச்சயம் இருக்கும். தான் விளையாடும் குளத்தையும் கோபுரத்தையும் ஒரு பாட்டுக்குள் கேட்கும் பிள்ளைக்கு அது பாடப்புத்தகமாகத் தெரியாது. அடுத்து வேதாரண்யத்தில் சம்பந்தர் பாடிய கோளறு பதிகம், பதினொரு பாட்டு. மார்கழிக்குத் திருப்பாவை முப்பது, திருவெம்பாவை இருபது. முப்பதையும் ஒரே வருஷத்தில் மனப்பாடம் செய்ய வைக்கும் ஆசை வேண்டாம். வருஷத்துக்குப் பத்து என்றால் மூன்றாம் மார்கழியில் முழுசாக வந்துவிடும்.

சொல்லித்தரும் முறைக்கு வேத பாடசாலையின் ‘சந்தை’யைவிட நல்லது இன்னும் வரவில்லை. ஆசிரியர் ஒருமுறை சொல்ல, மாணவர்கள் இருமுறை சொல்வது. "வேயுறு தோளிபங்கன்" என்று நீங்கள் ஒருமுறை, அவர்கள் இருமுறை. "விடமுண்ட கண்டன்" என்று ஒருமுறை, அவர்கள் இருமுறை. பிறகு இரண்டையும் சேர்த்து. பிறகு முழு அடி. இரண்டு அடி சேர்ந்ததும் அன்றைக்கு நிறுத்திவிடலாம். இரண்டு வாரத்துக்கு ஒரு பாட்டு என்ற வேகத்தில் கோளறு பதிகம் ஐந்து மாதத்தில் முடியும்.

சந்தை சொல்லும்போது புத்தகம் மூடியிருக்க வேண்டும். கண் எழுத்தைப் பார்த்தால் காது வேலை செய்யாது. அடுத்த வாரம் புத்தகம் இல்லாமல் கேட்டால் வாய் திறக்காது. எழுதி வைத்ததைப் பார்த்துப் படிப்பவனை மட்டமாக ஓதுபவன் என்று, வேத உச்சரிப்பைச் சொல்லும் பழைய நூலான பாணினீய சிக்ஷை ஒதுக்குகிறது. ராகம் போட்டு இழுப்பவன், ஓட்டமாகச் சொல்பவன், தலையை ஆட்டுபவன், பொருள் தெரியாதவன், குரல் எழும்பாதவன் ஆகியோரும் அதே பட்டியலில்தான். ஆறு குற்றத்தையும் ஒரு அட்டையில் எழுதி மண்டபத் தூணில் மாட்டுங்கள். பிள்ளைகளே ஒருவரையொருவர் பிடித்துக் கொடுப்பார்கள்.

பிழையை அப்போதே திருத்துங்கள். "தோளி" என்பதை "தோழி" என்று மூன்று வாரம் சொல்லிவிட்டால் பிறகு எடுப்பது கஷ்டம். கூட்டமாகச் சொல்லும்போது கணீர்க் குரல் உள்ள இரண்டு பேர் இழுத்துக்கொண்டு போவார்கள், மற்றவர்கள் கடைசி எழுத்தை மட்டும் பிடித்துச் சமாளிப்பார்கள். அதனால் வாரம் நாலு பேரையாவது தனியாகச் சொல்லச் சொல்லுங்கள். மாட்டிக்கொண்ட பிள்ளையைக் கேலி செய்ய விடாதீர்கள்.

சம்பந்தர் பதிகங்களில் ஞாபகத்துக்கு ஒரு கைப்பிடி உண்டு. பெரும்பாலும் எட்டாவது பாட்டில் இராவணன் வருவான், ஒன்பதாவதில் திருமாலும் பிரமனும் அடிமுடி தேடுவார்கள், பத்தாவதில் சமணரும் பௌத்தரும், பதினொன்றில் சம்பந்தர் பெயரும் பாடுவதன் பலனும். இதைச் சொல்லிவிட்டால் நடுவில் திக்கும் பிள்ளை தானே அடுத்ததைப் பிடித்துக்கொள்ளும். பத்தாம் பாட்டைப் பற்றிப் பெரிய பிள்ளைகள் கேட்பார்கள். அது அந்தக் காலத்துச் சமய வாதம், இன்றைக்குப் பக்கத்து வீட்டாரைத் திட்டுவதற்கான அனுமதி இல்லை என்று நேராகச் சொல்லிவிடுங்கள்.

ஸ்வரத்தோடு சொல்லும் வேத மந்திரங்களை இந்த வகுப்பில் எடுக்காதீர்கள். எழுத்துக்குக் கீழே கோடு இருந்தால் தாழ்ந்த ஸ்வரம், மேலே நிமிர்ந்த கோடு இருந்தால் ஸ்வரிதம் என்று படித்துத் தெரிந்துகொள்ளலாம், ஆனால் குரலில் கொண்டுவர குரு எதிரில் இருந்தாக வேண்டும். மொபைலில் கேட்டுப் பழகிய ருத்ரத்தைப் பின்னால் திருத்த வரும் வாத்தியாருக்கு இரட்டை வேலை. உபநயனமாகி அத்யயனம் செய்ய, அதாவது குருவிடம் முறையாக வேதம் கற்க, விரும்பும் பையனைக் கும்பகோணம் பக்கத்துப் பாடசாலை எதற்காவது அழைத்துப்போய்க் காட்டுங்கள். பிரதமை, அஷ்டமி, சதுர்த்தசி, அமாவாசை, பௌர்ணமி நாட்களில் அங்கே பாடம் இருக்காது, பார்த்துப் போங்கள். வேதத்தின் சாரம் எல்லோருக்கும் வேண்டுமானால் தைத்திரீய உபநிஷத்தின் "ஸத்யம் வத, தர்மம் சர" பகுதியைப் பொருளாக எடுத்துச் சொல்லலாம். ‘விருந்தினனைத் தெய்வமாக நினை’ என்பது அதே இடத்தில்தான் வருகிறது.

வீட்டில் செய்ய ஐந்து

இல்லறத்தாருக்குத் தினசரிக் கடனாக ஐந்து வேள்விகளைச் சொல்லியிருக்கிறார்கள்: பிரம்ம, தேவ, பித்ரு, பூத, மனுஷ்ய யக்ஞம். பெயரைக் கேட்டால் பெரிதாக இருக்கும், நம் வீடுகளில் பாட்டிமார் பெயர் சொல்லாமல் செய்துவந்தவைதான். ஓதுவது, விளக்கேற்றுவது, முன்னோரை நினைப்பது, எறும்புக்கும் காக்கைக்கும் போடுவது, பசித்தவனுக்குக் கொடுப்பது. ஒன்றை ஆறு வாரம் பிடிக்க வைத்த பிறகே அடுத்ததைக் கொடுங்கள். ஐந்தையும் ஒரே தாளில் எழுதி, டிக் அடிக்கக் கட்டம் போட்டுக் கொடுத்தால் பிள்ளை கட்டத்தை நிரப்பும், வேலையைச் செய்யாது. பரிசும் அப்படித்தான், கொடுத்த வாரம் இருக்கும், நிறுத்திய வாரம் போய்விடும்.

பூத யக்ஞத்திலிருந்து தொடங்குவது சுலபம், அதுதான் கோலம். கடையில் விற்கும் கோலமாவு பெரும்பாலும் கல்மாவு, எறும்பு சீண்டாது. பச்சரிசியை ஊறவைத்து நிழலில் உலர்த்தித் திரித்துச் சலித்தால் சல்லடையில் நிற்கும் கப்பி இருக்கிறதே, அதுதான் பிள்ளைக் கைக்குச் சரி. நைசான மாவு விரல் வியர்வையில் ஒட்டிக் கட்டிகட்டியாக விழும். கப்பி மணல்போல வழியும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு சிட்டிகை எடுத்து, தரையிலிருந்து இரண்டு விரற்கடை உயரத்தில் கையை வைத்து நகர்த்தச் சொல்லுங்கள். கை உயர்ந்தால் இழை பரந்துவிடும், தரையில் பட்டால் அழியும். தண்ணீர் தெளித்த உடனே போட்டால் மாவு கரையும், முழுக்கக் காய்ந்தால் காற்று அடித்துக்கொண்டு போகும். ஈரம் இழுத்து, நிறம் மட்டும் கருத்திருக்கும் நேரம்தான் பதம். ஐந்து வயதுக்கு மூன்றுக்கு மூன்று நேர்ப்புள்ளி, எட்டு வயதுக்கு ஐந்துக்கு ஐந்து. பையன்களும் போடட்டும். போட்டு முடித்து அரை மணி கழித்து வந்து பார்க்கச் சொல்லுங்கள். எறும்பு வரிசை வந்திருக்கும், விளக்கம் தேவைப்படாது.

காக்கைக்குச் சோறு வைப்பதைப் பிள்ளை தன் கையாலேயே வைக்கட்டும், வீட்டில் யாரும் சாப்பிடுவதற்கு முன்னால். அதோடு சேர்த்துத் தாத்தா, கொள்ளுத்தாத்தா, பாட்டி, கொள்ளுப்பாட்டி பெயர்களை இரு பக்கமும் மூன்று தலைமுறைக்கு ஒரு நோட்டில் எழுதி வாங்குங்கள். சொந்த ஊரும் குலதெய்வமும் சேரட்டும். குலதெய்வம் ஐயனாரோ வீரனோ பச்சையம்மனோ எதுவானாலும், பெருந்தெய்வங்களுக்கு ஒரு படி கீழே என்ற தொனி உங்கள் பேச்சில் வந்துவிடக்கூடாது. நிறைய பெற்றோருக்கே கொள்ளுப்பாட்டி பெயர் தெரியாது. அதைத் தேடிக் கேட்பதும் பித்ரு காரியம்தான்.

மனுஷ்ய யக்ஞத்துக்குப் பிடி அரிசி. காஞ்சிப் பெரியவர் வற்புறுத்திய அதே பழக்கம்: உலை வைக்கும்போது ஒரு பிடியைத் தனி டப்பாவில் போடுவது. பிள்ளைக் கைப்பிடியில் மாதம் முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை சேரும். வண்டு விழாமல் இருக்க நாலு காய்ந்த மிளகாய் போட்டு வைக்கலாம். மாதக் கடைசியில் எல்லா டப்பாவையும் கொட்டிக் கோயில் அன்னதானத்துக்குப் பிள்ளைகளே சுமந்துபோய்க் கொடுக்க வேண்டும். கடை அரிசியை வாங்கி மொத்தமாகக் கொடுத்துவிட வரும் பெற்றோரை அன்போடு திருப்பி அனுப்புங்கள்.

கதையும் கேள்வியும்

வேதாரண்யத்துக் கதவு எல்லா வயதுக்கும். வேதங்கள் பூசித்து மூடிய கதவை அப்பர் பதிகம் முழுக்கப் பாடித் திறந்தார், சம்பந்தர் முதல் பாட்டிலேயே மூடினார். வேதமும் தமிழும் ஒரே கதவின் இரண்டு பக்கம் என்பதைப் புரிய வைக்க இது ஒன்று போதும். மனுநீதிச் சோழனை எட்டு வயதுக்கு மேல் சொல்லலாம், திருவாரூரில் கல்தேரைக் காட்டிச் சொன்னால் இன்னும் நல்லது. பெற்ற பிள்ளையையே அறுத்துக் கறி சமைத்த செங்காட்டங்குடிச் சிறுத்தொண்டர் கதையைச் சின்னப் பிள்ளைகளிடம் எடுக்கவே வேண்டாம். இராத்திரி தூக்கத்தில் அழுவார்கள், காலையில் அம்மா சண்டைக்கு வருவார். நந்தனாரைத் திருப்புன்கூரில் விலகியிருக்கும் நந்தியைக் காட்டிச் சொல்லுங்கள். அவரை ஏன் வெளியே நிற்க வைத்தார்கள் என்று கேட்டால் மழுப்பாதீர்கள். அது மனிதர்கள் செய்த அநியாயம், சாமி அவர் பக்கம் நின்றார் என்பதுதான் பதில். அடுத்த பயணம் சுவாமிமலை: அறுபது படிக்கும் பிரபவ முதல் அட்சய வரை தமிழ் வருஷப் பெயர். ஏறிக்கொண்டே சொன்னால் இரண்டு தடவையில் பாதி வந்துவிடும். மகனே குருவாக, அப்பா சீடனாக உட்கார்ந்த மலை என்பதைப் பெற்றோருக்கும் சேர்த்துச் சொல்லிவையுங்கள்.

"கல்லைத்தானே கும்பிடுறோம்?" என்ற கேள்வி நிச்சயம் வரும். கேட்ட பிள்ளையை அதட்டாதீர்கள், அது உங்கள் வகுப்பின் நல்ல பிள்ளை. அதைவிட மோசம், எல்லாவற்றுக்கும் "அறிவியல் காரணம்" கண்டுபிடித்துச் சொல்வது. கோபுரக் கலசத்துக்கும் மணியோசைக்கும் வாட்ஸப்பில் வந்த விஞ்ஞானத்தைச் சொன்னால், பதினான்கு வயதுப் பையன் வீட்டுக்குப் போய் மொபைலில் சரிபார்ப்பான். அது பொய் என்று தெரிந்த நாளில் நீங்கள் சொன்ன உண்மையும் சேர்ந்து போகும். இதற்கு இதுதான் ஐதிகம், இது நம்பிக்கை, இது எனக்குத் தெரியவில்லை, ஓதுவாரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று பிரித்துச் சொல்லப் பழகுங்கள்.

பிராகாரம் சுற்றும்போது கருவறை வெளிச்சுவரின் மாடமான கோஷ்டத்தைக் காட்டுங்கள்: தெற்கே தட்சிணாமூர்த்தி, மேற்கே லிங்கோத்பவர், வடக்கே பிரமனும் துர்க்கையும், அபிஷேக நீர் வெளியே விழும் கோமுகி பக்கம் சண்டிகேசர். சண்டிகேசர் முன் கைதட்டுவதும், துணியிலிருந்து நூல் பிரித்துப் போடுவதும் வேண்டாம். அவர் தியானத்தில் இருப்பவர் என்றால் பிள்ளைகளுக்குப் புரிகிறது. பெரியவர்களுக்குத்தான் புரிவதில்லை.

பெரிய பிள்ளைகள்

பதின்மூன்று தாண்டினால் கதைக்கு உட்கார மாட்டார்கள், வேலை கொடுத்தால் நிற்பார்கள். வகுப்புக் கணக்கு, பிடி அரிசி எடை, எண்ணெய் வாங்குவது எல்லாம் அவர்கள் பொறுப்பில் இருக்கட்டும். மாதம் ஒரு ஞாயிறு உழவாரப்பணி, அப்பர் கையில் இருந்த அதே கருவியின் பெயரில். பிராகாரப் புல்லையும் நெருஞ்சியையும் வேரோடு எடுப்பது, குளப்படியில் பிளாஸ்டிக் பொறுக்குவது, விளக்குகளை எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துலக்குவது வரை அவர்கள் செய்யலாம். கோபுரத்தில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்க யாரையும் ஏற்றாதீர்கள். ஆளும் விழுவான், வேரோடு சுதையும் பெயரும். கல்வெட்டு உள்ள சுவரைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்ப்பதும், சுண்ணாம்பு அடிப்பதும், அதன்மேல் உபயதாரர் பெயர் எழுதுவதும் கூடவே கூடாது. ஆயிரம் வருஷம் நின்ற எழுத்து ஒரு காலையில் போய்விடும். ஆடிப்பெருக்கன்று படித்துறைக்கு அழைத்துப் போனால் மேட்டூர் தண்ணீரின் இழுப்பைக் கணக்கில் வைத்து, பத்துப் பிள்ளைக்கு நீச்சல் தெரிந்த பெரியவர் இருவர், கடைசி நனையும் படிக்கு மேலேயே எல்லோரும். காதோலை கருகமணியை விடும்போது அது சுற்றி வந்த பிளாஸ்டிக் உறை பையிலேயே திரும்பி வரட்டும்.