ரஃப்டு கிரவுஸ்: கட்டையைத் தட்டும் பறவை என்று யார் சொன்னது?

வட அமெரிக்கக் காட்டில் ஏப்ரல் மாத விடியலில் தூரத்தில் யாரோ பழைய டீசல் பம்ப்செட்டை ஸ்டார்ட் செய்வதுபோலத் தப்... தப்... தப்தப் என்று மெதுவாக ஆரம்பித்து, கடைசியில் எல்லாம் ஒரே உறுமலாகச் சேர்ந்து போகும். ரஃப்டு கிரவுஸ் (Ruffed Grouse) என்ற கோழியினக் காட்டுப் பறவையில் ஆண் செய்யும் வேலை அது. அது விழுந்து கிடக்கும் மரத்தின்மேல் நின்றுதான் இதைச் செய்யும், அதனால் இறக்கையால் கட்டையைத் தட்டுகிறது என்று பலரும் எழுதிவிடுகிறார்கள், சிலர் மார்பில் அடித்துக்கொள்கிறது என்கிறார்கள். இரண்டும் இல்லை. இறக்கைகள் அடிப்பது வெறும் காற்றை. எட்டு, பத்து விநாடிக்குள் ஐம்பது முறை வரை அடிக்கும். கட்டை அதற்கு மேடை மட்டும்தான். சத்தத்தின் சுருதி 40 ஹெர்ட்ஸை ஒட்டி மிகத் தாழ்ந்து இருப்பதால் காதில் கேட்பதைவிட நெஞ்சுக்குள் அதிர்வதுபோல இருக்கும், எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பிடிப்பதும் கஷ்டம். பக்கத்தில்தான் என்று நடந்துபோய் ஏமாந்தவர்கள் நிறையப் பேர்.

பெயரில் அடுத்த குழப்பம். அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் கிராமத்து ஆட்கள் இதைப் 'பார்ட்ரிட்ஜ்' என்பார்கள், அதைப் படித்துவிட்டு நாம் 'கௌதாரி' என்று மொழிபெயர்த்துவிடுகிறோம். கௌதாரி, மயில், காட்டுக்கோழி எல்லாம் இதன் குடும்பம்தான், ஆனால் இது வேறு கிளை. நம் கௌதாரிச் சேவலுக்கு இருப்பதுபோல இதன் காலில் முள் கிடையாது. சாம்பல் நிறத்தில் ஒன்று, செம்பழுப்பில் ஒன்று என்று பார்த்தால் இரண்டு இனம் என்று குறித்துக்கொள்ளாதீர்கள், ஒரே இனம்தான்.

எனக்கு ரொம்ப நாள் இருந்த தவறு வேறு: காட்டைத் தொடாமல் விட்டால் இந்தப் பறவை பெருகும் என்ற நினைப்பு. நல்ல எண்ணம்தான், ஆனால் இதற்குச் சரிவராது. தீயோ மரவெட்டோ நடந்த இடத்தில் நெருக்கமாக முளைக்கும் இளங்காடுதான் இதற்கு வேண்டும். மேலிருந்து பாயும் வல்லூறோ ஆந்தையோ உள்ளே நுழைய முடியாத அளவுக்குக் குச்சி குச்சியாக நிற்கும் ஆஸ்பென் என்ற மரத்தின் கன்றுகளுக்கு நடுவில்தான் இது நிம்மதியாக இருக்கும். அதேசமயம் குளிர்காலத்தில் தின்பது வளர்ந்த ஆஸ்பென் மரங்களின் மொட்டுகளை, ஆகவே இளசும் முதிர்ந்ததும் பக்கம் பக்கமாக வேண்டும். அமெரிக்காவின் வடக்கு மாநிலங்களான மினசோட்டா, விஸ்கான்சின் பக்கம் இது நன்றாக இருப்பதற்கு இந்தக் கலவை ஒரு முக்கியக் காரணம். பென்சில்வேனியாவில் இது மாநிலப் பறவை, ஆனாலும் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. அங்கே காடு முதிர்ந்துபோனது ஒரு பக்கம், 1999-ல் அமெரிக்காவுக்குள் வந்த, கொசு பரப்பும் வெஸ்ட் நைல் வைரஸ் இன்னொரு பக்கம்.

ஒரு வருடக் கணக்கை மட்டும் பார்த்து முடிவு கட்டுவதும் தவறு. வடக்கே இதன் எண்ணிக்கை சுமார் பத்து வருடத்துக்கு ஒருமுறை ஏறி இறங்கும்.

பனி வந்தால் தெற்கே பறந்துவிடும் என்று நினைக்கவும் வேண்டாம். இது வலசை போகாத பறவை. விரல்களின் ஓரத்தில் சீப்புப் பற்கள்போல வளரும், பனியில் புதையாமல் நடக்க அது உதவும், இரவில் மெத்தென்ற பனிக்குள் பாய்ந்து உள்ளேயே தூங்கும். பனிக்காட்டில் நடப்பவர்கள் காலடியிலிருந்து குண்டு வெடித்ததுபோல ஒரு பறவை கிளம்பினால் பயப்பட வேண்டாம், அதன் தூக்கத்தைக் கெடுத்துவிட்டோம், அவ்வளவுதான்.

அப்புறம் ஜூன் மாதம். பாதையில் ஒரு பெட்டை இறக்கையை இழுத்துக்கொண்டு தள்ளாடினால், பாவம், அடிபட்டிருக்கிறது என்று பின்னாலேயே ஓடாதீர்கள். நடிப்பு! ஆண் இங்கே உதவிக்கு வராது, தனி ஆளாகக் குஞ்சுகளைக் காப்பாற்ற உங்களை வேறு பக்கம் இழுக்கிறாள். பொரித்த ஒரு நாளில் கூட்டைவிட்டு இறங்கிவிடும் குஞ்சுகள் பத்துக்கும் மேலேகூட உங்கள் காலைச் சுற்றிச் சருகோடு சருகாக அசையாமல் கிடக்கலாம். அடுத்த அடி வைக்கும் முன் தரையைப் பாருங்கள், வந்த வழியிலேயே திரும்பிவிடுங்கள்.