நூலகத்தில் இடம் போதவில்லையா? புது ரேக் வாங்கும் முன் செய்ய வேண்டியவை

நூலகம் வளரும் உயிரி என்பது நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் கடைசி விதி. நூலகம் வளரும், சுவர் வளராது. ஆண்டுக்கு 5 விழுக்காடு நூல்கள் சேர்ந்துகொண்டே போனால் ஏறக்குறைய 14 ஆண்டுகளில் இருப்பு இரண்டு மடங்காகிவிடும். டப்ளின் டிரினிட்டி கல்லூரி நூலகத்தின் நீண்ட கூடத்தில் இடம் தீர்ந்தபோது, 1860வாக்கில் கூரையையே உயர்த்தி மேல்மாடத்தில் அலமாரிகளை வைத்தார்கள்.

அவ்வளவு தூரம் போகும் முன், "நிரம்பிவிட்டது" என்று நாம் சொல்லும் ஒரு ரேக்கின் எதிரே நின்று பாருங்கள். நூல்களின் தலைக்கும் மேல் தட்டுக்கும் நடுவே அரைச் சாண் இடைவெளி இருக்கும். ஒவ்வொரு தட்டிலும் இருக்கும். அந்த இடத்தை எப்படி மீட்பது என்பதைத்தான் இங்கே முக்கியமாகச் சொல்லப்போகிறேன்.

படி 1: அளந்து எழுதுங்கள்

ஒரு அளவு டேப்பும் நோட்டும் போதும். ஒவ்வொரு தட்டிலும் பத்தாவது நூலை எடுத்து அதன் உயரத்தைக் குறியுங்கள். 100 நூல்களை அளந்தாலே நிலவரம் புரிந்துவிடும். டெமி, கிரவுன் என்பவை அச்சுத் தாள் அளவுகளின் பெயர்கள், 1/8 என்றால் அந்தத் தாளில் எட்டில் ஒரு பங்கு. டெமி 1/8 அளவு நூல் சுமார் 22 செ.மீ. உயரம், கிரவுன் 1/8 சுமார் 18 செ.மீ. பொது நூல்களில் பெரும்பங்கு இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும்.

அடுத்து, நூல் சேர்க்கைப் பதிவேட்டைத் திறந்து கடந்த ஐந்து ஆண்டுகளில் ஆண்டுக்கு எத்தனை நூல்கள் வந்தன என்று பாருங்கள். ஒரு நூலுக்கு 3 செ.மீ. தடிமன் என்று வைத்துக்கொண்டால், 400 நூல்களுக்கு 12 மீட்டர் வேண்டும். 90 செ.மீ. அகலத் தட்டுகளில் அது 13 தட்டுகளுக்குக் கொஞ்சம் மேல். இந்தக் கணக்கு கையில் இல்லாமல் ரேக் வாங்கப் போனால், எத்தனை ஆண்டுக்கு வாங்குகிறோம் என்றே தெரியாது.

படி 2: பிரித்தெடுங்கள்

ஒரே நூலின் கூடுதல் பிரதிகள், புதிய பதிப்பு வந்துவிட்ட சட்ட, மருத்துவ நூல்கள், பூஞ்சை பிடித்தவை ஆகியவற்றைத் தனியாக எடுங்கள். ஐந்தாண்டுகளாக யாரும் இரவல் வாங்காதவற்றுக்கு வேறொரு பட்டியல் போடுங்கள். இந்த இரண்டாவது பட்டியலில் உள்ளவை கழிக்க வேண்டியவை அல்ல, வாசகர் உள்ளே வராத சேமிப்பறைக்குப் போக வேண்டியவை. யாரும் கேட்காத நூல் என்பதற்காக எடைக்குப் போட்டு, அது வேறெங்கும் கிடைக்காத பிரதி என்று பிறகு தெரிந்தால் திரும்பப் பெற வழியே இல்லை. கழிக்கும் முன் பிற நூலகங்களின் பட்டியலில் தேடிப் பாருங்கள்.

படி 3: தட்டுகளை நெருக்குங்கள்

இரும்பு ரேக்குகளில் தட்டுகளைக் கழற்றி மாட்டத் துளைகள் இருக்கும். நிறுவியபோது எல்லாத் தட்டுகளையும் 35 செ.மீ. இடைவெளியில் மாட்டியிருப்பார்கள், அப்படியே விட்டிருப்போம். 210 செ.மீ. உயரத்தில் 35 செ.மீ.க்கு ஒன்று என்றால் 6 தட்டுகள். டெமி நூலுக்கு 22 செ.மீ., விரல் நுழைய 2, தட்டின் தடிமனுக்கு 2 என 26 செ.மீ. போதும். அப்போது 8 தட்டுகள் வரும். கூடுதல் தட்டுகளை மட்டும் வாங்கினால் போதும், தரையில் ஓர் அங்குலம்கூடக் கூடுதலாகத் தேவைப்படாது.

ஆனால் வாசகர் உலவும் பகுதியில் பொருள்வாரியாக அடுக்கியிருப்போம். குட்டை நூலுக்குப் பக்கத்திலேயே நெட்டை நூல் நிற்கும். அங்கே எல்லாவற்றையும் 26 செ.மீ.க்கு நெருக்க முடியாது. பெரிய அளவு நூல்களை மட்டும் தனி ரேக்குக்கு மாற்றி, பட்டியலில் அதைக் குறித்துவிட்டால் மற்றவற்றை நெருக்கலாம்.

படி 4: சேமிப்பறையில் அளவுவாரியாக அடுக்குங்கள்

தொடக்கநிலையில் இருப்பவர்களுக்கு இதுதான் மனம் ஒப்பாத படி. நூலின் பொருளைக் காட்டும் வகைப்பாட்டு எண்ணை விட்டுவிட்டு அளவுப்படி அடுக்குவதா என்று தயங்குவார்கள். வாசகர் உள்ளே வராத அறையில் பொருள்வாரி வரிசையால் யாருக்கும் பயனில்லை. நூல் எங்கே இருக்கிறது என்பது பணியாளருக்குத் தெரிந்தால் போதும். 1986இல் தொடங்கிய ஹார்வர்டு பல்கலைக்கழகச் சேமிப்புக் கிடங்கு இந்த முறையில்தான் இயங்குகிறது. அங்கே நூல்களை அளவுவாரியாகத் தட்டுப்பெட்டிகளில் நிறுத்தி, பார்கோடு மூலம் கண்டெடுக்கிறார்கள்.

நீங்கள் மூன்று அளவுகள் வைத்துக்கொள்ளுங்கள்: 22 செ.மீ. வரை 'அ', 28 வரை 'ஆ', அதற்கு மேல் 'இ'. ஒவ்வொன்றுக்குள்ளும் நூல் வந்த வரிசையில் எண் கொடுங்கள். அ-1, அ-2 என்று போகட்டும். அந்த எண்ணை நூலின் முதுகிலும் பட்டியலிலும் ஒரே நாளில் எழுதுங்கள். நாளைக்கு எழுதிக்கொள்ளலாம் என்று விட்ட நூல் தொலைந்த நூலுக்குச் சமம்.

இதில் இன்னொரு லாபம் உண்டு. பொருள்வாரி அடுக்கில் புது நூல் எங்கு வேண்டுமானாலும் நுழையும் என்பதால் ஒவ்வொரு தட்டிலும் ஐந்தில் ஒரு பங்கைக் காலியாக விட வேண்டும். வரிசை எண் முறையில் புது நூல் கடைசியில்தான் சேரும், நடுவே இடம் விட வேண்டியதில்லை. ஒரு ரேக்கின் ஒரு பக்கத்துக்குக் கணக்குப் பாருங்கள். பழைய முறையில் 6 தட்டு, தட்டுக்கு 24 நூல், மொத்தம் 144. புதிய முறையில் 8 தட்டு, தட்டுக்கு 28 நூல், மொத்தம் 224. அதே ரேக்தான், அதே தரைதான், 80 நூல்கள் கூடுதல்.

இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று சிலர் உயரமான நூலைப் பக்க ஓரம் கீழே இருக்கும்படிக் குப்புற நிறுத்துவார்கள். தயவுசெய்து வேண்டாம். தாள்கட்டின் எடை முழுவதும் தொங்கி, முதுகிலிருந்து கட்டு பிய்ந்துவிடும். வேறு வழியில்லை என்றால் முதுகு கீழே இருக்கும்படி வையுங்கள். மிகப் பெரியவற்றைப் படுக்க வைத்து, மூன்றுக்கு மேல் ஏற்றாதீர்கள். கீழ்த்தட்டு தரையிலிருந்து 10 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். ரேக்கின் தலைமேல் நூல் கட்டுகளை ஏற்ற வேண்டாம். தீயணைப்புத் தெளிப்பான் இருந்தால் அதற்குக் கீழே 45 செ.மீ. திறந்திருக்க வேண்டும்.

படி 5: காம்பாக்டர் வேண்டுமா?

தண்டவாளத்தில் நகரும் ரேக்குகளைத்தான் காம்பாக்டர் என்கிறோம். 7 மீட்டர் நீள அறையில் 50 செ.மீ. ஆழமுள்ள இருபக்க ரேக்குகளை, ஒவ்வொன்றுக்கும் 90 செ.மீ. நடைபாதை விட்டு வைத்தால் 5 வரிசைகள்தான் வரும். எல்லா வரிசைகளுக்கும் ஒரே நடைபாதை என்றால் 12 வரிசைகள் வரை வைக்கலாம்.

எடையும் அதே அளவுக்கு ஏறும். ஒரு மீட்டர் நூல் வரிசை தோராயமாக 35 கிலோ. அமெரிக்காவில் வழக்கமான நூலகத் தளத்தைச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 730 கிலோ தாங்கும்படி வடிவமைக்கிறார்கள், காம்பாக்டருக்கு அதைப்போல இரண்டு மடங்கு. சாதாரண அலுவலகத் தளத்துக்கு 250 கிலோ அளவில்தான் கணக்கிடுவார்கள். அதனால் விலை விசாரிக்கும் முன் கட்டடப் பொறியாளரிடம் தளத்தைக் காட்டுங்கள். மண்மேல் நேராக அமைந்த தரைத்தளமாக இருந்தால் பெரும்பாலும் கவலை குறைவு. மாடியில் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் இல்லாமல் ஒரு தண்டவாளம்கூடப் பதிக்காதீர்கள்.

நிறுவிய பிறகு, வரிசையை நகர்த்தும் முன் உள்ளே ஆள் இருக்கிறாரா என்று பார்த்துக் குரல் கொடுப்பது பழக்கமாகட்டும். நடைபாதைக்குள் நிற்பவர் நகர்வைத் தடுக்கும் பூட்டு இருக்கும் மாதிரியையே வாங்குங்கள். மூடிக் கிடக்கும் வரிசைகளுக்குள் காற்றோட்டம் குறைவு என்பதால் ஈரப்பதமானி ஒன்றை உள்ளே வையுங்கள். அது 60 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும் அபாயம் நெருங்குகிறது. யாரும் நூல் கேட்காத வாரத்திலும் எல்லா வரிசைகளையும் ஒருமுறை நகர்த்தித் திறந்துவிடுங்கள்.